கலாம் மணிமண்டபம் பாக்க வர்றவங்க எங்கிட்ட கேக்குற கேள்விகளும் நான் சொல்ற பதிலும்

நான் பாம்பன்காரன், பக்கத்துல ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியார். வருசம் தவறாம எட்டாங்கிளாஸ் பிள்ளைகள கலாம் மணிமண்டபம் இருக்க பேக்கரும்புக்கு கூட்டிட்டு போறேன், அது தெரிஞ்ச நாள்ல இருந்து மதுரையில இருக்க மச்சான், சிவகாசி சித்தி, கூட வேலை பாக்குறவங்களோட சொந்தக்காரங்கன்னு லீவு விட்டா போதும் போன் அடிச்சுக்கிட்டே இருக்காங்க. எல்லாரும் கேக்குறது அதே பதினஞ்சு இருவது கேள்விதான். வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டு போட்டு தொண்டை வலிக்குது, அதான் உக்காந்து எழுதிட்டேன். இனிமே யாராவது கேட்டா இத அனுப்பிருவேன், கோச்சுக்காதீங்க.

மாப்ள, அது மியூசியமா இல்ல சமாதியா?

ரெண்டும்தான். கலாம் ஐயா 2015 ஜூலை 27 ஷில்லாங்ல மேடையில பேசிக்கிட்டு இருக்கும்போதே சரிஞ்சு விழுந்து இறந்தார், ஜூலை 30 பேக்கரும்புல அடக்கம் பண்ணாங்க. அந்த இடத்துலயே ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ மணிமண்டபம் கட்டி, சரியா ரெண்டு வருசம் கழிச்சு 2017 ஜூலை 27 பிரதமர் மோடி வந்து திறந்து வச்சார். நுழைவாசல் டெல்லி இந்தியா கேட் மாதிரி இருக்கும், மேல கும்மட்டம் ராஷ்டிரபதி பவன் சாயல்ல இருக்கும். முன் கதவு தஞ்சாவூர் வேலை, சுவத்துல பதிச்ச கல்லு ஜெய்சால்மர்லயும் ஆக்ராவுலயும் இருந்து வந்தது. நடுவுல அவர் அடக்கம் ஆன இடம், சுத்தி ஹால் ஹாலா அவரோட வாழ்க்கை, ராக்கெட், ஏவுகணை, ஜனாதிபதியா இருந்த காலம்னு வச்சிருக்காங்க. அதனால உள்ள கத்தி பேசாதீங்க, சிரிச்சு விளையாடாதீங்க, அம்புட்டுதான்.

எப்படி வர்றது?

ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரம் போற எந்த பஸ்லயும் ஏறலாம். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பாலம், தங்கச்சிமடம், அதையும் தாண்டி ராமேஸ்வரம் ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே மெயின் ரோட்டு ஓரத்துலயே இருக்கு. கண்டக்டர்கிட்ட ஏறும்போதே "பேக்கரும்பு, கலாம் மண்டபம்"னு சொல்லி வைங்க, இல்லேன்னா நேரா பஸ் ஸ்டாண்டுல கொண்டு போய் இறக்கிருவாங்க, அங்கிருந்து ஆட்டோ பிடிச்சு திரும்பி வரணும். ட்ரெயின்ல வர்றவங்க ராமேஸ்வரம் இறங்கி ஆட்டோல வரலாம். 2025 ஏப்ரல்ல புது தூக்குப்பாலம் திறந்ததுக்கு அப்புறம் ட்ரெயின் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் வருது, நடுவுல ரெண்டு வருசத்துக்கு மேல வராம கிடந்துச்சு. ப்ளேன்ல வரணும்னா மதுரைதான்.

உண்மையான ப்ளேன் நிக்குமா? உள்ள ஏறி உக்காந்து போட்டோ எடுக்கலாமா?

ஏமாந்துறாதீங்க, அது கிடையாது. இங்க இருக்கிறது மாடல், சிலை, ஓவியம், போட்டோ. நெசமான போர் விமானத்த பக்கத்துல நின்னு தொட்டுப் பாக்கணும்னா பெங்களூர்ல விமானம் செய்யுற ஹெச்ஏஎல் கம்பெனியோட மியூசியம் போங்க, இல்ல கோவாவுல கடற்படையோட விமான மியூசியம் இருக்கு, அங்க போங்க. ராக்கெட் பைத்தியம்னா திருவனந்தபுரம் பக்கத்துல தும்பா. அங்க பழைய மேரி மக்தலேன் சர்ச்சுதான் மியூசியம், ஆரம்பத்துல அந்த சர்ச்சுக்குள்ளதான் ராக்கெட் வேலை நடந்துச்சு, 1963 நவம்பர் 21 முதல் ராக்கெட் அங்கிருந்துதான் கெளம்புச்சு. பூமியோட காந்த நடுக்கோடு அந்தப் பக்கமா போறதாலதான் அந்த மீனவ கிராமத்த தேர்ந்தெடுத்தாங்க. கலாம் ஐயாவும் அந்த டீம்ல இருந்தவர்.

அப்ப பேக்கரும்புல என்னதான் விசேஷம்னு கேப்பீங்க. ராக்கெட் செஞ்ச ஆளு பிறந்த ஊரு, படிச்ச கடற்கரை, அடக்கம் ஆன மண்ணு எல்லாம் ஒரே தீவுல இருக்கு. தும்பாவுல இது கிடைக்காது.

அங்க இருக்கிற ஏவுகணை ஒரிஜினலா சார்? வெடிக்காதா?

இந்த கேள்விய பிள்ளைகள விட அப்பாமார்தான் கூச்சத்தோட கேக்குறாங்க. மாடல்தாங்க, உள்ள மருந்து கிடையாது.

ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் வித்தியாசம் கேட்டா நான் இப்படி சொல்வேன். ரெண்டுமே கீழ நெருப்பு கக்கி மேல போற சாமான்தான். ராக்கெட் செயற்கைக்கோள கொண்டு போய் மேல சுத்த விட்டுட்டு தன் வேலை முடிஞ்சதுன்னு விழுந்துரும். ஏவுகணை மேல போயிட்டு குறிச்ச இடத்துக்கு திரும்பி கீழ வரணும். திரும்பி வர்றதுலதான் பெரிய சிக்கலே இருக்கு, அத கீழ சொல்றேன்.

எம்புட்டு நேரம் ஆகும்? அர மணி நேரம் போதும்னு டிரைவர் சொல்றாரே?

டிரைவருக்கு போதும்ங்க, அவருக்கு அடுத்து தனுஷ்கோடி ட்ரிப் இருக்கு. நிறைய பேரு கோயில்ல தீர்த்தம் ஆடிட்டு, ஈரத்துணியோட வேன்ல ஏறி, இங்க இறங்கி ஒரு ரவுண்டு ஓடிட்டு, "பாத்தாச்சு"ன்னு கெளம்புறாங்க. அதுக்கு வராமலே இருக்கலாம், கோச்சுக்காதீங்க. குறைஞ்சது ஒன்ற மணி நேரம் ஒதுக்குங்க. எல்லா போர்டையும் படிக்கணும்னு இல்ல, ரெண்டே ரெண்டு சாமான் முன்னாடி மட்டும் பொறுமையா நில்லுங்க: ஒண்ணு எஸ்எல்வி-3 ராக்கெட், இன்னொண்ணு அக்னி ஏவுகணை.

எஸ்எல்வி-3ல அப்படி என்ன இருக்கு?

நீளமா சொல்லுவேன், டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

எஸ்எல்வி-3ங்கிறது நம்ம நாட்டுல செஞ்ச முதல் செயற்கைக்கோள் ராக்கெட். உசரம் 22 மீட்டர், எடை 17 டன். இவ்ளோ பெரிய சாமான் தூக்கிட்டு போனது எவ்ளோன்னா வெறும் 35 கிலோ, ரோகிணி செயற்கைக்கோள். எங்க ஊர்ல ஒரு மீன் கூடையே அதுக்கு மேல கனக்கும். நாலு அடுக்கு, நாலுமே திட எரிபொருள். திட எரிபொருள்னா தீபாவளி ராக்கெட் மாதிரி, பத்த வச்சா அணைக்க முடியாது, முழுசும் எரிஞ்சுதான் தீரும். ஆனா எரிஞ்சா மட்டும் பத்தாதுல்ல, திசை மாறாம பிடிக்கணும், படகுக்கு சுக்கான் மாதிரி. ரெண்டாவது அடுக்குல அந்த கட்டுப்பாட்டு வேலைக்கு நைட்ரிக் ஆசிட் சேர்ந்த ஒரு திரவத்த வச்சிருந்தாங்க.

1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. கலாம்தான் திட்ட இயக்குனர். கெளம்பறதுக்கு சில நிமிசம் முன்னாடி கம்ப்யூட்டர் நிறுத்துன்னு சொல்லிருச்சு, ஆசிட் கசியுது. கூட இருந்த நிபுணர்கள் கணக்கு போட்டு பாத்துட்டு மிச்சம் இருக்கிறதே போதும், போகலாம்னாங்க, கலாம் கம்ப்யூட்டர் பேச்ச தள்ளி வச்சுட்டு விட்டுட்டார். முதல் அடுக்கு நல்லா போச்சு. ரெண்டாவதுல ஆடுச்சு பாருங்க, கட்டுப்படுத்த ஆசிட் இல்ல. 317 நொடியில கதை முடிஞ்சு, எல்லாம் வங்காள விரிகுடாவுல போய் விழுந்துருச்சு. அப்புறம் ஆராய்ஞ்சு பாத்தா, ஒரு வால்வுல அழுக்கு சிக்கி மூடாமலே நின்னுருக்கு.

ஒரு வருசம் எங்க அப்பாவும் எங்க கூட வந்தார். விசைப்படகுல முப்பது வருசம் போனவர். இந்த கதைய பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போது பின்னாடி நின்னு கேட்டுட்டு, "டீசல் லைன்ல தூசி நின்னா நமக்கும் நடுக்கடல்ல இதே கதிதான்டா, ஃபில்டர மாத்துன்னா எவன் கேக்குறான்"னார். நான் அரை மணி நேரம் விளக்குனது பிள்ளைகளுக்கு அந்த ஒத்த வரியில புரிஞ்சுருச்சு. அதுல பாதி பேர் வீட்ல படகு இருக்கு.

அன்னைக்கு பத்திரிகைக்காரங்க முன்னாடி போய் உக்காந்தது கலாம் இல்ல, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். பொறுப்ப தன் மேல போட்டுக்கிட்டார், அடுத்த வருசம் ஜெயிப்போம்னு சொன்னார். 1980 ஜூலை 18 மறுபடி விட்டாங்க, ரோகிணி சுத்துப்பாதைக்கு போயிருச்சு. அன்னைக்கு தவான் "பிரஸ்ஸ நீயே பாத்துக்க"ன்னு கலாம அனுப்பிட்டார். இத கலாம் ஐயா போற மேடையில எல்லாம் சொல்லுவார், கேட்டிருப்பீங்க. கேட்டிருந்தாலும் பரவால்ல, அந்த மாடல் முன்னாடி நின்னு உங்க பிள்ளைக்கு நீங்களே ஒரு தடவை சொல்லுங்க.

சரி, அக்னி?

1989 மே 22 ஒடிசா சண்டிப்பூர்ல முதல் சோதனை. இதுல ஒரு வேடிக்கை, அக்னியோட முதல் அடுக்கே எஸ்எல்வி-3 முதல் அடுக்குதான், அதத்தான் எடுத்து இதுல வச்சாங்க. அதனாலதான் அத பாத்துட்டு இத பாருங்கன்னு சொல்றேன்.

மேல போயிட்டு திரும்பி காத்துக்குள்ள வர்ற வேகத்துல மூக்கு முனை ஆயிரக்கணக்கான டிகிரி சூடாகும், உள்ள இருக்க கருவிக்கு அந்த சூடு ஏறவே கூடாது. அதுக்கு கார்பன் இழையில செஞ்ச கவசம். பிள்ளைகளுக்கு ஐஸ் பெட்டி உதாரணம் சொல்லுவேன், வெளிய வெயில் கொளுத்துது, உள்ள மீன் கெடாம இருக்குல்ல அது மாதிரின்னு. உதாரணம் முழுசா சரியில்லதான், ஆனா மண்டபம் ஊர் பிள்ளைக்கு இத விட நல்லது எனக்கு தெரியல.

இந்த கார்பன் சாமான் அம்புட்டு லேசு. ஹைதராபாத் நிம்ஸ் ஆஸ்பத்திரியில இருந்து வந்த எலும்பு டாக்டர் ஒருத்தர் கலாமோட லேப்ல அத கையில தூக்கி பாத்துட்டு, போலியோ பிள்ளைக காலுக்கு மாட்டுற இரும்பு மூணு கிலோவுக்கு மேல கனக்குது, இதுல செய்ய முடியாதான்னு கேக்க, 300 கிராம்ல செஞ்சு குடுத்தாங்க. தான் செஞ்சதுலயே ரொம்ப சந்தோசம் குடுத்தது அதுதான்னு கலாம் சொல்லியிருக்கார். எனக்கும் அந்த மண்டபத்துல பிடிச்ச விசயம் ஏவுகணைய விட இதுதான்.

டிக்கெட், போன், செருப்பு?

டிக்கெட் கிடையாது, இலவசம். போன், கேமரா உள்ள விட மாட்டாங்க, செல்ஃபி எல்லாம் வெளியில நின்னு எடுத்துக்கங்க. போன் இல்லாததும் நல்லதுதான், பிள்ளைங்க அப்பதான் எதையாவது பாக்குது. குரூப்பா வந்தா ஒருத்தர் வாசல்ல எல்லார் போனையும் வச்சுக்கிட்டு உக்காந்துருங்க, அப்புறம் முறை மாத்திக்கங்க. மதியம் வெளியில தரை சூடு தாங்காது, செருப்ப கழட்டிட்டு ஸ்டைலா நடக்காதீங்க.

எம் பையனுக்கு ஆறு வயசு, போரடிக்காதா?

அடிக்கும். பொய் சொல்ல மாட்டேன். கலாம் சிலைங்க கூட நின்னு கொஞ்ச நேரம் ஓட்டலாம், அவ்ளோதான். அதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன், மண்டபம் பாக்குறதுக்கு முன்னாடியோ பாத்ததுக்கு அப்புறமோ கடற்கரைக்கு கூட்டிட்டு போங்க.

ஏன்னா கதை அங்கதான் ஆரம்பிக்குது. கலாம் அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போது சிவசுப்ரமணிய ஐயர்னு ஒரு வாத்தியார், பறவை எப்படி பறக்குதுன்னு போர்டுல படம் போட்டு நடத்தியிருக்கார், ஒருத்தனுக்கும் புரியல. கோவப்படல மனுசன், சாயந்தரம் மொத்த கிளாஸையும் இதே ராமேஸ்வரம் கரைக்கு கூட்டிட்டு போய் பறவைய காட்டி, பாரு ரெக்கை அடிக்குது, பாரு வால திருப்புது, பாரு திசை மாறுதுன்னு சொல்லிக் குடுத்திருக்கார். விமானம் படிக்கணும்ங்கிற ஆசை அன்னைக்கு விழுந்ததுதான்னு கலாமே சொல்லியிருக்கார்.

அந்த பாடத்த நீங்களும் எடுக்கலாம், காசு கிடையாது. மீன் இறங்குற நேரத்துல பாம்பன் கரையில நின்னா செம்பருந்து வட்டம் போடும். நல்லா பாருங்க, ரெக்கை அடிக்கவே அடிக்காது, மேல ஏறுற சூடு காத்துல அப்படியே சாஞ்சுக்கிட்டு நிக்கும், வால மட்டும் லேசா முறுக்கும், வட்டம் மாறிரும். பக்கத்துலயே ஆலா பறக்கும், அது வேற ரகம், ஒல்லி ரெக்கை, அடிச்சுக்கிட்டே வந்து ஒரு இடத்துல அந்தரத்துல நின்னு, தலை குப்புற தண்ணிக்குள்ள குத்தும். ஒண்ணு கிளைடர், இன்னொண்ணு ஃபைட்டர்னு சொன்னீங்கன்னா ஆறு வயசு பையனும் ஒரு மணி நேரம் நிப்பான். பனிக்காலத்துல வந்தா தனுஷ்கோடி பக்கம் பூநாரை கூட்டமே நிக்கும், அது கெளம்பறதுக்கு முன்னாடி தண்ணி மேல ஓடுற ஓட்டத்த காட்டுங்க, ரன்வேல ப்ளேன் ஓடுற மாதிரியே இருக்கும். பக்கத்துல போய் விரட்டாதீங்க, புண்ணியமா போகும்.

அவர் பிறந்த வீடும் பாக்கணுமா?

கண்டிப்பா. கோயில் பக்கம் பள்ளிவாசல் தெருவுல இருக்கு. தெரு ஒடுக்கம், வேன் உள்ள போகாது, இறங்கி நடங்க. மியூசியம் மாடியில, படி ஏற முட்டி வலிக்காரங்களுக்கு கொஞ்சம் கஷ்டம், வயசானவங்கள கீழயே உக்கார வச்சுட்டு போங்க. அவர் வாங்குன விருதுகள், போட்டோக்கள்னு இருக்கும். மேல சிப்பி சங்கு சாமான் கடையும் இருக்கு, பிள்ளைங்க அங்க நின்னுரும், பர்ஸ பத்திரமா வச்சுக்கங்க. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துல தெருவ அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க.

கலாம் பைலட் ஆகணும்னு ஆசைப்பட்டாராமே?

ஆமா, அதான் அவரோட முதல் ஆசையே. சென்னை குரோம்பேட்டை எம்ஐடி காலேஜ்ல விமானப் பொறியியல் படிச்சுட்டு டேராடூன்ல ஏர்ஃபோர்ஸ் செலக்சனுக்கு போனார். 25 பேர்ல 8 பேர எடுத்தாங்க, இவர் ஒன்பதாவது. ஆனா 2006 ஜூன் 8, ஜனாதிபதியா இருக்கும்போது, 74 வயசுல, புனேவுல சுகோய்-30ல கோ-பைலட் சீட்ல ஏறி பறந்துட்டார். எங்கூர்ல சொல்லுவாங்க, காத்திருந்தா கடலும் வழி விடும்னு. (யாரும் சொல்ல மாட்டாங்க, நான்தான் இப்ப சொன்னேன்.)

உச்சிப்புளியில ஏர்ஃபோர்ஸ் ஸ்டேசன் இருக்காமே, பாக்க விடுவாங்களா?

ஏர்ஃபோர்ஸ் இல்ல, நேவி. ஐஎன்எஸ் பருந்து, 2009ல இருந்து அந்த பேர்ல இயங்குது. உள்ள விட மாட்டாங்க, கேக்கவும் வேண்டாம், சுவத்துக்கு வெளிய நின்னு போட்டோவும் வேண்டாம், ட்ரோன நினைச்சே பாக்காதீங்க. உச்சிப்புளி பக்கம் பஸ்ல வரும்போது ஜன்னல் சீட் பிடிங்க, நேரம் நல்லா இருந்தா நேவி ப்ளேன் தாழ்வா பறக்குறது கண்ணுல படும். பேரு பருந்துன்னு வச்சதுல எனக்கு ஒரு சந்தோசம், செம்பருந்த பாத்துட்டு வந்தவங்களுக்கு ஏன்னு புரியும்.

மண்டபம் ஊர்ல தண்ணியிலயும் மணல்லயும் ஓடுற ஒண்ணு பாத்தோம், அதுவும் விமானமா?

கோஸ்ட் கார்டோட ஹோவர்கிராஃப்ட். அடியில காத்த அமுக்கி அது மேல மிதந்து போகும், அதான் மணல் திட்டு வந்தாலும் நிக்காம ஏறிரும். எங்க கடல் ஆழம் கம்மி, திட்டு ஜாஸ்தி, இதுக்குன்னே செஞ்ச மாதிரி. கலாம் ராக்கெட் பக்கம் வர்றதுக்கு முன்னாடி பெங்களூர்ல செஞ்சது இதத்தான், பேரு நந்தி, அப்ப பாதுகாப்பு மந்திரியா இருந்த கிருஷ்ண மேனன் அதுல ஏறி போயிருக்கார். எந்த நேரம் வெளிய வரும்னு சொல்ல முடியாது, பாத்தீங்கன்னா அதிர்ஷ்டம்.

குலசேகரப்பட்டினத்துல ராக்கெட் விட்டா நம்ம ஊர்ல இருந்து தெரியுமா?

அங்க ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28தான் அடிக்கல் நாட்டினாங்க, முதல்ல கட்டி முடிக்கட்டும். ஏன் அங்கன்னு கேட்டா, ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து நேரா தெக்க விட்டா இலங்கை மேல போகும், அதனால கிழக்கால போய் அப்புறம் வளைஞ்சு திரும்பணும், அந்த வளைவுல எரிபொருள் வீணாகுது. பெரிய ராக்கெட் தாங்கிக்கும், எஸ்எஸ்எல்வி மாதிரி குட்டி ராக்கெட்டுக்கு கையில இருக்கிறதே கொஞ்சம், அதுல பாதி வளையறதுக்கு போனா எத தூக்கும். குலசையில இருந்து தெக்க பாத்தா வெறும் கடல்.

எந்த நாள் வரக்கூடாது?

ஆடி அமாவாசை, தை அமாவாசை. ஒரு தை அமாவாசைக்கு முந்தின நாள் தெரியாத்தனமா நாப்பது பிள்ளைகளோட கெளம்பி பாம்பன் பாலத்து மேலயே ரெண்டு மணி நேரம் நின்னோம், ரெண்டு பிள்ளைக்கு அவசரம் வேற, பாலத்து நடுவுல எங்க போக. ஜூலை 27 கலாம் ஐயா நினைவு நாள், அக்டோபர் 15 பிறந்த நாள், ரெண்டு நாளும் விழா, விஐபி வருவாங்க, கூட்டம் பாக்க ஆசைன்னா வாங்க, மியூசியம் பாக்க வராதீங்க. காலையில மண்டபம், அப்புறம் வீடு, வெயில் தாழ தனுஷ்கோடின்னு வச்சுக்கங்க. தனுஷ்கோடி கடைசியில இருக்க அரிச்சல்முனைக்கு போற ரோடும் 2017ல மண்டபம் திறந்த அதே நாள்தான் திறந்தாங்க, இருட்டுறதுக்கு முன்னாடி போலீஸ் கிளப்பி விட்ருவாங்க.

சாப்பாடு?

கோயில் பக்கம் சைவம் நிறைய இருக்கு. மீன் சாப்பிடறவங்க பாம்பன்ல இறங்கி சாப்பிடுங்க, உக்காரும்போதே என்ன மீன், என்ன வெலைன்னு கேட்டுக்கங்க, எந்திரிக்கும்போது சண்டை போடாதீங்க.

கடைசியா ஒண்ணு, இது என் கிளாஸ் பையன் கேட்டது: சார், 1979ல விழுந்த அந்த ராக்கெட் இப்ப எங்க இருக்கு?

கடலுக்கு அடியிலதான், ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து சுமார் 560 கிலோமீட்டர் தள்ளின்னு சொன்னேன். அவன் என்னைய நம்பாம நேரா எங்க அப்பாகிட்ட போய், "தாத்தா உங்க வலையில எப்பவாச்சும் மாட்டியிருக்கா"ன்னு கேட்டிருக்கான். அவரு வெத்தலைய துப்பிட்டு சீரியஸா சொல்லியிருக்காரு, "அது வடக்கு கடல்ப்பா, நாங்க அங்கிட்டு போறதில்ல."